டாக்டரைக் கேட்டேன் என்று நான் சொன்னது

முதலில் காலை நேரத்தில் கை உதறியது. என் மகள் எஸ்தருக்கு அப்போது பதினான்கு வயது. தலை வாரிக்கொண்டிருக்கும்போதே சீப்பு தெறித்து விழும். பல் துலக்கும்போது பிரஷ் பறந்துபோய்ச் சுவரில் மோதும். "கையில இன்னா எலும்பே இல்லியா ஒனக்கு?" என்று திட்டியிருக்கிறேன். அதுதான் நோயின் முதல் அறிகுறி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். நான் கிராம சுகாதாரச் செவிலியர்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவில்லை. எங்கள் வீடு ஊருக்கு வெளியே, கணவரின் மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. வேலைக்கு நான் தினமும் பேருந்தில் கல்வராயன் மலைக்குப் போய்வந்தேன். கர்ப்பிணிகளுக்கும் காசநோயாளிகளுக்கும் மாத்திரை கொடுப்பதும், அதை ஒழுங்காக விழுங்கினார்களா என்று வீடு வீடாகக் கேட்பதும்தான் அங்கே என் வேலை.

ஒரு நாள் பள்ளியில் பிரேயருக்கு நிற்கையில் எஸ்தர் வலிப்பு வந்து விழுந்தாள். புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்தார்கள். இளம்பருவ வலிப்பு (பதின்ம வயதில் தொடங்கி, தூங்கி எழுந்ததும் கை உதறலோடு வருவது) என்றார் டாக்டரம்மா.

"மாத்திரைக்கு நல்லாக் கட்டுப்படும். ஆனா நீங்களா நிறுத்தக்கூடாது, ரொம்ப வருஷம் போட வேண்டியிருக்கும். தூக்கம் கெடக்கூடாது. அடுப்பு, கிணறு பக்கம் ஜாக்கிரதை. கல்யாணப் பேச்சு எடுத்தா முன்கூட்டியே வாங்க. இந்த மாத்திரை கருவுல இருக்கிற குழந்தையப் பாதிக்கலாம். வேற மாத்திரைக்கு மாத்திடலாம்" என்றார்.

எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டார். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து வருடம் காலையிலும் இரவு எட்டு மணிக்கும் நானே அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி அவள் கையில் வைத்தேன். ஒரு முறைகூட வலிப்பு வரவில்லை. கல்லூரியில் சேர்ந்தாள். கடைசி வருடம் படிக்கும்போது, சங்கராபுரத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டது. எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள், நல்லவர்கள். படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைத் துணிகளுக்கு அடியில் தள்ளி வைத்தேன். புதுச்சேரிக்குப் போயிருக்கலாம். போனால் வேறு மாத்திரை எழுதித் தருவார். எனக்கு வேறு மாத்திரை வேண்டாம். மாத்திரையே தேவைப்படாத மகள் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி (கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்வது) சொல்ல எழுந்து நின்றேன். "என் மகளோட எதிர்காலத்த முழுசா கர்த்தர் கையில ஒப்புக்குடுத்துட்டேன். அவர் சுகம் குடுத்துட்டாரு. இனி பயமில்ல" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தும்படி போதகரோ வேறு யாருமோ சொல்லவில்லை. அது முழுக்க என் முடிவு.

அன்று மாலை எஸ்தரிடம், "இனிமே இது வேணாம். கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திடலாம்" என்றேன்.

"டாக்டரக் கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

முதல் வாரம் பாதி மாத்திரை கொடுத்தேன். பிறகு அதுவும் இல்லை. சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத் தெரிந்தேதான் செய்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் அவளுக்குப் பரீட்சை. தூக்கம் குறைந்திருந்தது. அன்று காலை நான் முதல் பேருந்தில் மலைக்குப் போய்விட்டேன். அங்கே போன் எடுக்காது. இரத்தசோகை உள்ள ஒரு கர்ப்பிணி, இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் கூரையில் செருகி வைத்திருந்தாள். "ஒன் வயித்துல இருக்கிற புள்ளைக்கு நீயே எமனா?" என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

மதியம் பேருந்து மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்ததும் போன் அடித்தது. கணவர்.

"எங்க இருக்கிற?"

"இறங்கிட்டேன். இன்னாங்க?"

"எஸ்தருக்கு ஃபிட்ஸ் வந்துட்ச்சி. சோறு வடிச்சிக்கினு இருந்தா. கொதிக்கிற கஞ்சி மேலயே வுழுந்துட்டா. கை வெந்துபோச்சி. ஆஸ்பத்திரிக்கு வா."

வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பணியில் இருந்த டாக்டர் கேட்டார்: "வலிப்பு மாத்திரை ஒழுங்கா போட்டுக்கினு இருந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொன்னாள்: "நான்தான் சார் போடல. மறந்துட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே கணவர் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை.

புதுச்சேரிக்கு மாற்றினார்கள். தோல் ஒட்டு (தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துப் புண்ணின்மேல் பதிப்பது) செய்தார்கள். பத்தாம் நாள் அந்தப் பழைய டாக்டரம்மா வார்டுக்கு வந்து, "எத்தன நாள் மறந்த?" என்று எஸ்தரைக் கேட்டார். அவள் மறுபடியும் எனக்காகப் பொய் சொல்ல வாயெடுத்தாள்.

"அவ மறக்கல மேடம். நான் நிறுத்திட்டேன். ஒங்களக் கேட்டுட்டேன்னு அவகிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

"நீங்க நர்ஸ்தானே?"

"ஆமா மேடம்."

அவர் குறிப்பேட்டைத் திறந்து, கருவுக்கு அதிகம் பாதிப்பில்லாத மாத்திரையை எழுதினார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருப்போம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் எஸ்தருக்குச் சோறு ஊட்டும்போது, "ஏன் பழிய ஒம்மேல போட்டுக்கின?" என்று கேட்டேன்.

"நீ டாக்டரக் கேக்கலன்னு வுழுந்தப்பவே புரிஞ்சிட்ச்சி. அப்பா ஒன்னத் திட்டுவாருன்னுதான்." ஒரு வாய் மென்று விழுங்கினாள். "சங்கராபுரத்துக்காரங்களுக்காகவாம்மா நிறுத்தின?"

தலையாட்டினேன்.

"கர்த்தருக்காகன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல ஒரு தாய் இருக்கலாம். நம்பிக்கை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நான் இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் அன்று எதிர்காலத்தை நான் கர்த்தரிடம் ஒப்புக்கொடுக்கவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துவிட்டு, அவருடைய சம்மதத்தை மட்டும் கேட்டேன். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். அதற்கான வேதனையை என் மகளின் கை அனுபவித்தது.

சங்கராபுரத்துக்குக் கணவர் நேரில் போய் உள்ளதைச் சொன்னார். "சொல்லி அனுப்புறோங்க" என்றார்கள். அனுப்பவில்லை. நான் சபையில் மறுபடி எழுந்து நின்று, முன்பு சொன்னது பொய், மாத்திரையை நிறுத்தியதால்தான் கை வெந்தது என்றேன். போதகர் அடுத்த பாட்டுக்குப் போனார்.

தோல் ஆற ஆற வடு இறுக்கம் (ஆறும் தோல் சுருங்கி மூட்டை இழுத்துப் பிடிப்பது) வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே நின்றுவிட்டன. தினமும் எண்ணெய் தடவி விரல்களை நீட்டிவிடுவேன். வலிக்கும்போது அவள் என் தோளைக் கடிப்பாள். அடுத்த வருடம் மூன்று விரலால் பேனா பிடித்துப் பரீட்சை எழுதித் தேறினாள்.

இப்போது திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடுதியில் தங்கியிருக்கிறாள். கிளம்பும்போது அலமாரியைத் திறந்து எல்லா அட்டைகளையும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இனிமே நானே பாத்துக்கிறேம்மா. தெனம் போன் பண்ணிக் கேக்காத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வருடம், மாதம் எல்லாம் எனக்குக் குழம்பிவிட்டன. என் நாளில் இரண்டே நேரம்தான் உண்டு: அவளுடைய காலை மாத்திரை நேரம், இரவு மாத்திரை நேரம். இரவு எட்டு மணியானால், நான் எந்த வேலையில் இருந்தாலும், அட்டையைப் பிதுக்குவதுபோல என் பெருவிரல் தானாக மடங்குகிறது. எதிரே போன் இருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுகூட அப்போது ஜெபிக்க வருவதில்லை. அவள் உம்முடையவள் என்பது மட்டும் வருகிறது. எட்டேகால் ஆனதும் எழுந்து கணவருக்குச் சோறு போடுகிறேன்.