கல்யாணக் காரில் மேடே!

போன வாரம் என் அக்கா மகள் ஷைனிக்குக் கல்யாணம், மார்த்தாண்டம் பக்கத்து சர்ச்சில். மணப்பெண் ஒரு விமானி. காரை ஓட்டியது அவளுடைய அப்பா, அதாவது என் அத்தான். நான் பின்சீட்டில் பூச்செண்டுக்குக் காவல்!

நெய்யாற்றின்கரை தாண்டும்போதே பெட்ரோல் லைட் எரிந்தது. அத்தான் அசரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வைராக்கியம் உண்டு — தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு, ஆகவே டேங்க் காய்ந்தாலும் களியக்காவிளை எல்லை தாண்டித்தான் நிரப்புவோம். கல்யாண நாளில்கூடவா? கல்யாண நாளில்கூடத்தான்!

எல்லைக்கு இந்தப் பக்கம் பாறசாலை பங்க்குகளை ஒவ்வொன்றாகக் கடந்தோம். அப்புறம் டிராஃபிக்... நகரவே இல்லை. சர்ச்சில் பாதிரியார் காத்திருக்கிறார். எங்களுக்கு அடுத்து அங்கே இன்னொரு கல்யாணம் வேறு.

"அப்பா, மாப்பிள வீட்டுக்குச் சொல்லுங்க" என்றாள் ஷைனி.

"வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு மக்கா? நின்னா சொல்லலாம். இப்பமே சொன்னா நாணக்கேடாக்கும்."

"நின்ன பெறவு சொல்லி என்ன பிரயோஜனம்? ஃப்ளைட்டுல, இனி தாமதிச்சா அவசரத்துக்கு வச்ச ரிசர்வ்ல கை வைக்கணும்னு தோணினாலே கன்ட்ரோல் டவர்ல சொல்லணும். இறங்கும்போ ரிசர்வ் குறையும்னு கணக்குல தெரிஞ்சா உடனே 'மேடே'ன்னு அபாயக் குரல் குடுக்கணும். தீரட்டும்னு காத்திருக்க மாட்டோம்."

"அது ஆகாசம். இது ரோடாக்கும்!"

அவள் போனை எடுத்து மாப்பிள்ளையையே அழைத்தாள். "மேடே, மேடே, மேடே... பெட்ரோல்!"

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. காதலித்த காலத்தில் எத்தனை பாடம் கேட்டிருப்பான்! கோட்டும் டையுமாக, வண்டிகளுக்கிடையே பைக்கை நுழைத்து வந்து சேர்ந்தான், கேனில் பெட்ரோலோடு. எங்கள் கார் அதுவரை அணையவில்லை.

"நேரத்தே சொன்னது நல்லதாப் போச்சு மாமா" என்று சிரித்தான். அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம்மில் பலரும் அத்தான்கள்தான். நெஞ்சு வலித்தால்கூட 'ஒண்ணுமில்ல' என்போம். உதவி கேட்பதை மானப் பிரச்சினை ஆக்கிவிட்டு, எல்லாம் கைமீறிய பிறகு அலறுவோம். விமானிக்கு மட்டும் ஏன் அந்தக் கூச்சம் இல்லை? பின்னால் அத்தனை பேர் அவரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களே!

கல்யாணம் நேரத்துக்கு முடிந்தது. சாப்பாடு எங்கள் பொறுப்பு. கூட்டமோ நினைத்ததைவிட அதிகம். முதல் பந்தி நடக்கும்போதே அத்தான் விறுவிறுவென்று சம்பந்தியிடம் போனார்.

"சம்மந்தி, சோறு தீரல்ல. ஆனா தீருமாக்கும்!"