கொலைகாரப் பூச்சிக்கு ஒரு தாய்ப் பட்டம்

போன சனிக்கிழமை ஒரு கொலையைப் படம் பிடித்தேன். பயப்படாதீர்கள்... செத்தது ஒரு புழு.

மலேசியாவில், செண்டாயான் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எனக்கு லீவு கிடைத்தால் போதும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கைப்பேசியில் ஒரு சின்ன லென்ஸை மாட்டி, பூச்சிகளைக் கிட்டத்தில் படம் பிடிப்பேன். பூச்சிகள் "எங்க வேலை? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பதில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது பெரிய நிம்மதி.

தோட்டத்துப் பாதையோரம் மஞ்சள் பூச்செடிகள் நட்டிருக்கிறார்கள். அழகுக்காக அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற புழு, ஓலைத் துணுக்குகளால் பை கட்டி அதற்குள்ளேயே வாழும். அதை வேட்டையாடும் பூச்சிகள் அந்தப் பூக்களைத் தேடி வரும். அவற்றில் ஒன்றுதான் அசாசின் பக் — கொலைகாரப் பூச்சி. சிவப்பும் கறுப்புமான உடம்பு, ஊசி போல ஒரு வாய்.

அன்றைக்கு ஒன்று வசமாக மாட்டியது. முன்னங்கால்களால் புழுப் பையைப் பிடித்து, ஊசி வாயை உள்ளே செருகியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மண்டியிட்டுப் படம் எடுத்தேன்.

"அண்ணே, நகருங்க. மருந்தடிக்கப் போறேன்."

களைக்கு மருந்தடிக்கும் லெட்சுமி. முதுகில் பம்பு. வலது கை வீங்கி, கையுறைக்குள் நுழையாமல் இருந்தது.

"இது பூச்செடியாச்சே..." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இந்தப் பூச்சிச் சனியன் நேத்து குத்திருச்சுண்ணே. ராத்திரி பூரா தூக்கமில்ல. செடி இருந்தாத்தானே இது வரும்? செடியோட போகட்டும்லா! இதுதான் உலாட் புங்குஸுக்கு அம்மா. புழு இருக்கிற எடத்துலதான் இதுவும் இருக்கும். நாங்க பார்த்தா விடமாட்டோம், நசுக்கிருவோம்."

எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள், அப்படியென்றால் ஒரே குடும்பம்தானே? தோட்டத்துக் கணக்கு அது. 'இல்லை' என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

லெட்சுமி உற்றுப் பார்த்தார். கோபமாக இருந்த முகம் இளகியது.

"பார்த்தீங்களா... பால் குடுக்குது!"

ஐயோ! நான் மறுபடி பார்த்தேன். குனிந்த தலை, அணைத்த கை... அப்படியே தாயும் பிள்ளையும்! என் சாட்சியே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

மிகக் கிட்டத்தில் பார்த்தால் நெருக்கம் மட்டும்தான் தெரிகிறது. யார் கொடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. மனிதர்களிடமும் அப்படித்தானோ?

லெட்சுமியின் இடது கை பம்பின் பிடியைத் தேடியது. வேறொரு நாளாக இருந்தால் "சரி" என்று மோட்டாரைக் கிளப்பியிருப்பேன். அன்று எப்படியோ வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க தங்கச்சி. பால் குடிச்ச பிள்ள குண்டாகுதான்னு பார்த்திருவோம்."

சிரித்துவிட்டார். பம்பை இறக்கி வைத்தார். என் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக் கொடுத்தேன். வீங்கிய கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். பூச்சி அவசரப்படவில்லை. நாங்களும்தான்.

கடைசியில் அது ஊசியை உருவிக்கொண்டு நகர்ந்தது. பை கீழே விழுந்தது. லெட்சுமி அதை எடுத்து நகத்தால் கிழித்தார். உள்ளே வெறும் தோல், காற்றுப் போன பலூன் மாதிரி.

"அப்போ நாங்க இவ்வளவு நாளா நசுக்கினது..."

"நம்ம கட்சி ஆளத்தான். கிட்ட போய்ப் பார்க்காம யாருக்குத் தெரியும்? பார்த்தாலும் பால் குடுக்கிற மாதிரிதானே இருக்கு."

லெட்சுமி பம்பைத் தூக்கி மாட்டிக்கொண்டு, பூச்செடிகளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்.

"நல்ல வேலக்காரந்தான்ணே. ஆனா கூட வேல செய்யிறவங்களையுமா குத்தணும்?"

இதை எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசரிடம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்!