முழுப்பேர் வாங்கிய சொற்கள்

விடுமுறைக்கு மஸ்கெலியாவுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று பல் தேய்க்கும்போதுதான் அது தோன்றியது. கீழே, தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில், கங்காணி அவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பினார், நாலு பேரை மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட. ஐந்து நிமிடத்தில் களம் காலி. வேலையில்லாமல் ஒருவர்கூட நிற்கவில்லை. என் கொப்பியிலோ இருநூறு ஆங்கிலச் சொற்கள் மாதக்கணக்கில் சும்மா நின்றன.

சும்மா நின்றிருந்தாலும் பரவாயில்லை. மலைச்சரிவில் மண் அரிப்பைப் பற்றி கம்பஸில் எழுதிய அறிக்கைக்குள் அவற்றில் முப்பதை அள்ளிப் போட்டிருந்தேன். விரிவுரையாளர் ஒரு சொல்லின் கீழே கோடு போட்டு, இது இங்கே என்ன செய்கிறது என்று கேட்டார். பட்டியலில் இருந்தது, படித்தவள் எழுதியதுபோல் தெரிந்தது, போட்டேன். அதைச் சொல்லவா முடியும்? விடுமுறை முடிந்ததும் திருத்திக் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம் அதே பாடம் மறுபடியும்.

அன்றே சொற்களுக்குப் பெரட்டு வைத்தேன். காலையில் ஐந்து சொற்களைக் கூப்பிடுவேன். ஒவ்வொன்றும் பொழுது சாய்வதற்குள் இங்கே கண்ட ஏதாவதொன்றைப் பற்றி ஒரு உண்மையான வாக்கியத்தில் உழைக்க வேண்டும். ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தால் தோட்டத்தில் முழுப்பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். அதே கணக்கு. சொற்களுக்குக் கங்காணி, உயர்தரம் படிக்கும் என் தங்கச்சி.

முதல் நாள் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லை அட்டைக்கடிக்கு அனுப்பினேன். கடி முக்கியமானது என்று வாக்கியம்.

"யாருக்கு முக்கியம், அட்டைக்கா?" என்றாள். "எதோட ஒப்பிட்டுச் சொல்றன்னே தெரியல. அரப்பேரு."

"ஏய், மொத நாளே இப்பிடியா?"

"கங்காணிய ஏய்னு கூப்பிட்டா அதுவும் இல்ல."

மறுநாள் மழை விட்டதும் லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் புல்லை விட்டிருந்த கானில் தண்ணீர் தெளிவாக ஓடியது. புல்லைச் சுத்தமாகச் செதுக்கிய கானில் மண் கரைந்து தேத்தண்ணி நிறம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அதே சொல்லை வைத்து எழுதி வாசித்தேன். தங்கச்சி எழுந்துபோய் இரண்டு கானையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"சரி. முழுப்பேரு."

வேலை முடிந்து வந்த அம்மா இடுப்பில் சுற்றிய படங்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டி, எங்களுக்குத்தான் பேரு போடுவாங்க. இப்ப இங்கிலீசுக்குமா?"

விடுமுறை முடியும்போது இருநூறில் நாற்பதுதான் முழுப்பேர் வாங்கியிருந்தன. அறிக்கையில் அந்த நாற்பதுக்குள் வந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, கான் தண்ணீரையும் சேர்த்தேன். போன வாரம் திரும்பி வந்தது: தேறிவிட்டேன். இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் இருக்கிறது, இருக்கட்டும். கான் வாக்கியத்துக்குப் பக்கத்தில், இதை வகுப்பில் பத்து நிமிடம் தாளில்லாமல் பேச முடியுமா என்று விரிவுரையாளர் கேட்டிருந்தார்.

முடியும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் லயத்துக்கு வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுக்குக் கட்டாயம் வேண்டிய 'ஹைபொதிசிஸ்' இன்னும் அரைப்பேரில்தான் நிற்கிறது. இனிமேல்தான் சோதித்துப் பார்க்கப்போகும் ஊகம் அது. நானோ எப்போதும் பார்த்து முடித்ததையே அதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மழைக்கு முன்பே எழுதி வைத்துவிட்டேன்: மேல்மலைக் கானிலும் புல் இருக்கிறது, ஆகவே அங்கேயும் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடும். மலையில் மேகம் இறங்குகிறது. கான் தண்ணீரைப் பிடித்துப் பார்க்கத் தங்கச்சி இரண்டு போத்தல்களைக் கழுவி வைத்திருக்கிறாள். மழை விட்டதும் ஏறுவோம்.