லைன் போயிருச்சு

தம்பி திருகோணமலையில் ஒரு பழைய படகை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். மழைக்காலத்துக்குள் துறைமுகத்தில் அதைக் கட்ட ஓர் இடம் வேண்டும். இடம் கேட்டால் படகின் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், எங்கே என்கிறார்கள். காப்புறுதி கேட்டால் படகை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்கிறார்கள். பதுளையில் இருக்கும் நான்தான் அவனுக்காகக் காப்புறுதி அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினேன்.

அன்றும் அப்படி ஓர் அலுவலகத்தில் காத்திருந்தேன். வெளியே அடைமழை. தம்பி போனில் கத்தினான். "அக்கா, லைன் போயிருச்சு. ஒண்ணும் செய்ய முடியல." அதோடு போன் கட் ஆகிவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் லைன் என்றால் லயம்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் அம்மா தனியாக இருந்தாள். லயத்துக்கு மேலே எந்த மழையிலும் சரியக்கூடிய மண்மேடு. அம்மா போனை எடுக்கவில்லை. பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

லயம் அப்படியே நின்றது. கூரை ஒழுகும் இடத்தில் அம்மா வாளி வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தம்பி மறுபடி அழைத்தான்.

"லைன்னா படகு கட்டுற கயிறு, அக்கா. இப்ப பக்கத்துப் படகுக்காரர் அவரு படகோட சேத்துக் கட்டியிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"லயம் போனா நாம கோயில்லயாவது போய்ப் படுப்போம். கயிறு போனா அவன் எங்க போவான்?"

மறுநாள் அதே அலுவலகத்துக்குப் போனேன். "படகுல யாருங்க குடியிருப்பாங்க?" என்று அங்கிருந்தவர் சலித்துக்கொண்டார்.

"அதுதாங்க அவனோட லயம்," என்றேன்.

அதுவரை நானும் அதைப் படகு என்றுதான் சொல்லி வந்திருந்தேன்.