அத்தானின் சனிக்கிழமைக்குக் காத்திராத செர்ரிப் பூக்கள்

ஜெர்மனியின் பான் நகரத்து செர்ரிப் பூக்களைப் பார்க்க, அக்காவின் கணவரான அத்தான் சனிக்கிழமையைக் குறித்துவிட்டார். அன்றுதான் எல்லோருக்கும் லீவாம். போன வருடமும் அப்படித்தான் போனோம். பூக்கொட்டிய வெறும் கிளைகளுக்குக் கீழே நின்று, கட்டிக்கொண்டுபோன ரோல்ஸ் பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்தோம்.

இன்று காலை அத்தானிடம் போனில் சொன்னேன்: “நாளைக்குக் காத்தும் மழையும். பூ கொட்டிப்போகும். இண்டைக்கே போவம்.”

“ஏலாது தம்பி. எல்லாரும் சேர்ந்துதான் போறது.”

“மரத்துக்கும் சனிக்கிழமைதான் லீவோ, அத்தான்?”

போனை வைத்துவிட்டார். நான் அக்காவை மட்டும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன்.

தெரு முழுக்க இளஞ்சிவப்புக் கூரை. அக்கா அங்கிருந்தே வீடியோ அழைப்பில் அத்தானைப் பிடித்தார். “இஞ்சை பாருங்கோ! உங்களோட வந்து நான் ரோல்ஸைத்தானே பார்த்தனான்!”



சனிக்கிழமைப் பயணம் இன்னும் ரத்தாகவில்லை. கிளைகளைப் பார்க்க யார் யார் வருகிறீர்கள்? ரோல்ஸ் உண்டு.