சாயத்தண்ணீரை வெயிலில் வைத்த வாரம்

முதலமடைப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே நூலுக்குச் சாயம் போடும் பட்டறை இருந்தது. நானும் வீட்டுக்காரரும்தான் வேலையாட்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், பக்கத்து மாந்தோப்புக்காரர் தன் எருமையை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். எருமையின் வாயோரம் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஏ அம்முணி, இது வெத்தல போட்டுட்டு வந்திருக்குதுன்னு நெனச்சயா? உங்க சாயத்தண்ணி. என்ர தொட்டிக்குத்தான் வந்து சேருது."

"நேத்து கொஞ்சம் கூடுதலா அலசிட்டமுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் ஒரு சொட்டுச் செவப்பு வந்தாலும் வாய்க்கால்ல கல்லப் போட்டு அடைச்சுப்போடுவேன்."

அந்த வாய்க்காலை விட்டால் எங்கள் தண்ணீர் போக வழி கிடையாது. அதை அடைத்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். மூடினால் உடும்பஞ்சோலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். வீட்டுக்காரரின் அக்கா குடும்பம் அப்படித்தான் போயிற்று. எனக்குக் கவலைப்பட ஒன்று கிடைத்தால் அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் மலைக்குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்து, அட்டை கடித்த கால் வீங்கி, ஆஸ்பத்திரி எங்கே என்று தேடுவது வரைக்கும் போய்விட்டேன்.

மறுநாள் என் தம்பி வந்தான். டவுனில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவன் சோதனைக் குழாய் கழுவிக் கழுவியே பாதி கெமிஸ்ட்ரி படித்துவிட்டான் என்பது என் எண்ணம். அவன் சொன்ன செய்தி இது: அவர்கள் வாத்தியார் ஒருவர் நீலச் சாயம் கரைத்த தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டு மொட்டை மாடியில் வைக்கிறார். மத்தியானத்துக்குள் நீலம் போய்விடுகிறது.

"என்ன பொடி?"

"துத்தநாக வெள்ளைக்கா. பெயிண்ட் கடையிலயே கெடைக்கும். ரேடியோவுக்குள்ள டிரான்சிஸ்டர் இருக்குதல்ல, அந்தச் சாதிப் பொருளுதான் இதுவும். மின்சாரத்த முழுசா விடவும் செய்யாது, அடைக்கவும் செய்யாது. வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும். முழிச்சதும் பக்கத்துல இருக்கற சாயத்தப் போட்டு உடைச்சுப்போடும்."

குறைக்கடத்தி என்று இப்போது புத்தகத்தில் போடுகிறார்கள். அன்று எனக்கு ரேடியோ என்பது மட்டும்தான் புரிந்தது.

பிஸ்கட் டப்பாவில் பொடி கொண்டுவந்திருந்தான். சோறு ஆற வைக்கும் அகலமான அலுமினியத் தாம்பாளங்களில் அலசிய தண்ணீரை நாலு விரல் உயரத்துக்கு ஊற்றி, பொடியைக் கலக்கி வைக்கச் சொன்னான். அடிக்கடி கிளறிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். வெயிலில் வைக்கத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் பட்டறைக்காரியின் கை தன் பழக்கத்தைத்தான் செய்தது. சாயம் ஏறிய எதையும் நாங்கள் வெயிலில் வைக்க மாட்டோம், நிறம் வெளுத்துவிடும். நூலைக்கூட நிழலில்தான் காயப்போடுவோம். இரண்டு தாம்பாளத்தையும் ஓலைச் சாய்ப்புக்குள் இழுத்து வைத்து, காக்கை எதையாவது போட்டுவிடுமோ என்று மேலே சாக்கையும் விரித்தேன்.

இரண்டு நாள் கிளறினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் தம்பி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, இதென்ன, தயிருக்கு ஒறை ஊத்தி வெச்சிருக்கறயா?"

"சாயத்த எவளாச்சும் வெயில்ல வெப்பாளாடா?"

"வெளுக்கோணும்னுதானே இத்தன பாடும்!"

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சம் இருந்தது வியாழன் ஒரு பகல்தான்.

தம்பி அன்று ராத்திரி எங்களோடு தங்கிவிட்டான். வியாழன் காலையில் ஒரு தாம்பாளத்தை முற்றத்தில் இழுத்துப்போட்டேன். மாசி வெயில். கிளறக் கிளற, பத்து மணிக்கு ரோஸ் நிறமானது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரிசி களைந்த தண்ணீர்போல ஆயிற்று. பொடி அடியில் தங்கியதும் மேலே தெளிந்து நின்றது. சாயம் பொடிக்குள் போய் ஒளிந்துகொண்டதோ என்று ஒரு பயம். ஆனால் அதே பொடி, அதே தண்ணீர், நிழலில் இருந்த தாம்பாளம் இன்னும் சிவப்பாகவே கிடந்தது. வெயில்தான் வேலை செய்தது என்பது எனக்கே விளங்கிவிட்டது. நூலை முதல் தடவை அலசிய கெட்டிச் சாயத்தண்ணீரிலும் பொடியைப் போட்டு வெயிலில் வைத்துப் பார்த்தோம். அது அசையவே இல்லை. அவ்வளவு அடர்த்திக்குள் வெளிச்சம் இறங்காது என்றான் தம்பி.

உடைந்த சாயம் எங்கே போகும் என்று அவனைக் கேட்டேன். துண்டு துண்டாகிப் போகும் என்றான். அந்தத் துண்டு எங்கே போகும் என்றேன். "அது வாத்தியாருக்கே முழுசாத் தெரியாதுக்கா," என்றான்.

வெள்ளிக்கிழமை தோப்புக்காரர் எருமையோடே வந்தார். தெளிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"கெணத்துத் தண்ணிய ஊத்தி வெச்சு எங்கிட்ட வேடிக்க காட்டறயா?"

நிழல் தாம்பாளத்தைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இது குடிக்கட்டும்," என்று எருமையின் கயிற்றைத் தளர்த்தினார். வீட்டுக்காரர் எனக்குக் கண்ஜாடை காட்டினார், பேசாமல் இரு என்று. என்னால் முடியவில்லை. போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க. செவப்புப் போயிருச்சு. ஆனா அது என்னவா ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

தோப்புக்காரர் எருமையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்காரரிடம், "உங்க ஊட்டுக்காரி பொய் சொல்ல மாட்டா போலிருக்குது. வாய்க்கால அடைக்கல. ஆனா என்ர தொட்டியத் தொடாம, சுத்தி வேற வெட்டு. கெட்டித் தண்ணி ஒரு சொட்டும் வரக்கூடாது," என்றார்.

வேலியோரமாகப் புது வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தரிசுப் பக்கம் திருப்பினோம். முற்றத்தில் ஆழமில்லாத சிமெண்ட் தொட்டி இரண்டு கட்டினோம். கறுப்பும் கருஞ்சிவப்பும் போடுவதையே விட்டுவிட்டு, இளநிற நூலை மட்டும் எடுத்தோம். வந்த நூல் குறைந்தது, ஆனால் பட்டறை மூடாமல் நிலைத்தது. ஆடியில் மேற்கே மலைக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடிக்கொண்டால் எங்களுக்கு வேலை கிடையாது. நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பிப்பதற்குள் தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்:

"அம்முணி, இன்னிக்கு மூடாக்கா இருக்குது. நூலத் தொடாதே!"