எல்லோருக்கும் ஒரே கூழ்

விலங்குக் காப்பகத்தின் தீனியறையில் இருபத்திரண்டு வருடமாகக் கத்தி பிடித்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பல்லக்கா. புதிதாக எது வந்தாலும் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பாள். கத்தரிக்கோல் போல வெட்டும் பல்லா, எலும்போடு இறைச்சி. அம்மிக்கல் மாதிரித் தட்டைப் பல்லா, காய்ந்த புல். பேர், ஊர் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

புது மேலாளர் அதற்கு முன் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஒரே அச்சில் லட்சம் பிஸ்கட் போட்ட கை சும்மா இருக்குமா? வந்த மாதமே கலவை இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. தானியமும் சத்துமாவும் கரைத்த கூழ்தான் இனி எல்லா விலங்குக்கும் என்றார். புலிக்கு மட்டும் மேலே கொஞ்சம் இறைச்சித் தூள்.

"சார், முயலுக்கு முன்பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சாத்தான் வாயை மூட முடியும்" என்றாள் பல்லக்கா.

"சும்மா கிடைக்கிற சோத்துக்குப் பல்லு ஒரு கேடா? நீங்க கரண்டியைப் பிடிங்கம்மா."

புலி மோந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்தது. மூன்றாம் நாள் பல்லக்கா மேலங்கிக்குள் தொடை எலும்பை ஒளித்துக் கொண்டுபோய்ப் போட்டாள். முயல்களுக்கு அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. காப்பகத்துக்கு வரும் புல்லையே நிறுத்தியிருந்தார்கள். ஏழாவது வாரம் அவற்றின் முன்பற்கள் கொக்கியாக வளைந்துவிட்டன. மருத்துவர் ஒவ்வொன்றாக வெட்டிவிட, பல்லக்காதான் அவற்றை மடியில் பிடித்துக்கொண்டாள்.

முள்ளம்பன்றி மட்டும் யாரையும் நம்பி இருக்கவில்லை. கூண்டின் மரக்கதவைக் கொறித்து வெளியே வந்து, மேலாளர் அறைக்குள் புகுந்துவிட்டது. காலையில் நிர்வாகக் குழுவினரை அழைத்துக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தபோது, மேசைக்கு மூன்று கால்தான் இருந்தது. நாலாவது தூளாகக் கிடக்க, பக்கத்தில் முள்ளம்பன்றி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இது பாதுகாப்புக் குறைபாடு" என்று மேலாளர் இழுத்தார்.

"பாதுகாப்புக் குறையும் இல்ல சார், பசியும் இல்ல" என்றாள் அதைப் பிடிக்க வந்த பல்லக்கா. "பல்லு தேயணும். நீங்க வேரும் கட்டையும் குடுக்கல. அதுவா பாத்துக்கிச்சு."

குழுத் தலைவி சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டார். கலவை இயந்திரம் அன்றே கிடங்குக்குப் போனது. மறுமாதம் வாசலில் பலகை ஒன்று முளைத்தது: 'பல்லறிந்து தீனி. திட்டம் வகுத்தவர்: மேலாளர்.' அதைப் படித்த பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

பலகை கொடுத்த பெருமிதத்தில் ஒருநாள் அவரே தீனியறைக்கு வந்தார். வாயை அகலத் திறந்து காட்டி, "என் பல்லு எந்த வகை, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பல்லக்கா கழுவிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, எட்டி நின்று பொறுமையாகப் பார்த்தாள்.

"எது கிடைச்சாலும் தின்னுற பல்லு சார். பன்னிக்கும் கடவாய்ப் பல்லு இப்படித்தான் இருக்கும்."

மறுநாளே நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்துக்கு மாற்றல் வந்தது. போனாள். அங்கே எட்டு நாள்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள், குரங்குக்கு எலும்பும் புலிக்கு வாழைப்பழமும் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லி, மருத்துவரே ஓடிவந்து கையோடு அழைத்துப் போனார்.